ஏறும்போது பாருங்க

இயேசு மரி சூசை துணை

மேல் டிவிசன்,
லிந்துலை.
20.2.1980

அன்புள்ள தங்கச்சி ஜோசப்பினுக்கு,

அக்கா பெற்றீசியா எழுதுவது. வழக்கமாக இந்த இடத்தில் "நாங்கள் இங்கே நலம், உங்கள் நலமறிய ஆவல்" என்று எழுதுவேன். இன்றைக்கு எழுதமாட்டேன். அந்த வரி மேல் எனக்குக் கோபம். ஏன் என்று கடிதம் முடிவதற்குள் உனக்கே விளங்கும்.

உன் கடிதம் போன கிழமை கிடைத்தது. நீ முழுகாமல் இருக்கிறாய் என்று படித்ததும் நான் போட்ட சத்தத்தில் அடுத்த காம்பரா வீட்டு அம்மாக்கண்ணு அடுப்பை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாள். உன் அத்தான் டவுனுக்குப் போய் இனிப்பு வாங்கி வந்து லயத்து வரிசை வீடுகள் முழுக்கக் கொடுத்தார். உன் வீட்டுக்காரன் சிறிலிடம் சொல், இனிமேல் அவன்தான் தண்ணீர் சுமக்க வேண்டும், இது மூத்தவளின் கட்டளை என்று.

ஆனால் கடிதத்தின் ஓரத்தில், இடம் போதாமல் பக்கவாட்டில் நுணுக்கி ஒரு சங்கதி எழுதியிருந்தாயே! தண்ணீர் எடுத்துக்கொண்டு மேட்டில் ஏறும்போது பாதியில் ஒரு கல்லில் உட்கார்ந்துதான் வருகிறாயாம். படுத்தால் மூச்சு முட்டுவதால் தலையணையை உயர்த்தி வைத்துக்கொள்கிறாயாம். வயிற்றில் பிள்ளை இருந்தால் எல்லோருக்கும் இப்படித்தான் என்று அங்கே சொல்கிறார்களாம். மற்றபடி சுகமாம்.

மற்றபடி சுகமாம்! அடியே, நீயா உட்கார்ந்தாய்? பீலியில் குடத்தை நிரப்பிக்கொண்டு ஓட்டமாக ஓடி, எனக்கு முந்தி மேலே போய் நின்று, "கெழவி, ஏறி வா, கெழவி" என்று கை தட்டிச் சிரித்தவள் நீதானே? அந்தக் கால்கள் பாதி மேட்டில் உட்கார்ந்துவிட்டன என்றால் எனக்கு எப்படிச் சோறு இறங்கும்?

இந்தியாவில் நீ குடியேறிய கோத்தகிரியில் இருக்கிற அந்தக் கல்லை நான் பார்த்ததில்லை. ஆனாலும் எனக்கு அதை நன்றாகத் தெரியும். எனக்கும் இங்கே ஒன்று இருந்தது. போன வருசம் "கொழும்புக்குப் போய் நெஞ்சில் ஒரு ஆபரேசன் செய்துகொண்டு வந்தேன், கர்த்தர் கிருபையால் இப்போது நலம்" என்று ஒற்றை வரியில் உனக்கு எழுதினேன். நீ கடலுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து அழுதுகொண்டிருப்பாய் என்றுதான் சுருக்கினேன். இன்றைக்கு முழுக்கதையையும் எழுதப்போகிறேன். அடுப்பில் ஏதும் இருந்தால் இறக்கி வைத்துவிட்டு வந்து படி.

நம் பாதை உனக்கு மறந்திருக்காது. கீழே ஃபெக்டரி, அதை ஒட்டினாற்போல் டிஸ்பென்சரி. அங்கிருந்து ஏறினால் சின்னப் பாலம், சவுக்கு மரம், மாதா சுரூபம், பெரிய வளைவு, அப்புறம் நம் லயம். முதலில் நான் பெரிய வளைவில் மட்டும் கொஞ்சம் நின்று வந்தேன். பிறகு மாதா சுரூபத்தடியில் உட்கார ஆரம்பித்தேன். பார்த்தவர்கள் பக்தி என்று நினைத்தார்கள். நானும் ஆமாம் என்று இருந்துவிட்டேன். அப்புறம் சவுக்கு மரம். கடைசியில் சின்னப் பாலத்தைத் தாண்டுவதற்கே மாதாவைக் கூப்பிட வேண்டியதாகிவிட்டது.

கொழுந்துக் கூடையோடு மலையில் ஏறுவது கேட்கவே வேண்டாம். நெஞ்சுக்குள் கோழிக்குஞ்சு மாதிரி படபடவென்று அடிக்கும். நிறுவைக்குக் கடைசி ஆளாகப் போய்ச் சேருவேன். ஒருநாள் காலைப் பெரட்டில், எல்லோரையும் வேலைக்குப் பிரித்துவிடுகிற நேரத்தில், மாயாண்டிக் கங்காணி, "நம்ம பெற்றீசியாவுக்கு மலையில ஏறத்தான் நோவு, சம்பளத்துக்கு எறங்க நோவே இல்ல" என்றார். பெரட்டே சிரித்தது. நான் இடுப்பில் சுற்றிய படங்குச் சாக்கை இழுத்துக் கட்டிக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் அந்த மனிசன் சொன்னது முழு உண்மை. இறங்கும்போது எனக்கு ஒன்றுமே இருக்காது.

டிஸ்பென்சரிக்குப் போகாமல் இல்லை. போனேன், பல தடவை போனேன். எப்படிப் போனேன் என்று கேள். நம் பெண்கள் எப்படிப் போவார்களோ அப்படித்தான். விடிந்ததும் பீலியில் குளித்து, தலைக்கு எண்ணெய் வைத்து வாரி, ஈஸ்டருக்கு எடுத்த நீலச் சேலையைக் கட்டி, முகத்துக்குப் பவுடர் பூசி, பூசைக்குப் போகிற மாதிரி போனேன். பாதை முழுக்க இறக்கம். போய் வாங்குப் பலகையில் உட்கார்ந்து, கூட்டம் குறைகிறவரைக்கும் காத்திருப்பேன். என் முறை வருவதற்குள் நெஞ்சு அமைதியாகி, முகத்தில் ரத்தம் ஏறி, கல்யாணப் பெண் மாதிரி ஆகிவிடுவேன்.

மருந்து கொடுக்கிற ஞானரட்ணம் ஐயா கெட்டவர் இல்லை. "என்னம்மா, எப்படி?" என்று அன்பாகத்தான் கேட்பார். நான் வாயைத் திறந்தால், "சொகமா இருக்கேங்கய்யா" என்று தானாக வந்துவிடும். துரை கேட்டாலும் நமக்கு அதுதான் பதில், சாமியார் கேட்டாலும் அதுதான். நோவைச் சொல்லத்தானே போனோம் என்று அப்புறம்தான் நினைவு வரும். அதற்குள் அவர் கண் இமையை இழுத்துப் பார்த்து, ரத்தம் குறைவு என்று சிவப்பு மருந்தைப் போத்தலில் ஊற்றிவிடுவார். போத்தலோடு திரும்பி ஏறும்போது சவுக்கு மரத்தடியில் உயிர் போகும். அதைப் பார்க்க அங்கே அவர் எங்கே இருக்கிறார்?

பிறகு அவரே ஒரு துண்டு எழுதி டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார். உன் அத்தான் கூட வந்தார். அங்கேயும் அதே நீலச் சேலை, அதே பவுடர். டாக்டர் நோனா, சிங்கள அம்மா, என்னைக் கேட்டார், பதில் சொன்னது உன் அத்தான். "சும்மா ஒரு களைப்புங்க, வேற ஒண்ணுமில்லீங்க" என்று மரியாதையாகச் சொல்லி முடித்துவிட்டார். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சத்து மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். பஸ்ஸை விட்டு இறங்கி நம் பாதையில் ஏறும்போது, சின்னப் பாலத்தில் உட்கார்ந்து அவரைப் பிடித்து ஏசினேன். "நான் என்னத்த சொல்ல, டாக்டருக்குத் தெரியாததா?" என்றார் அவர்.

இனிமேல் வருவதைக் கவனமாகப் படி.

நம் தோட்டத்துக் கொழுந்து லொறி, செல்லசாமி ஓட்டுகிறது, அதுவும் என்னைப் போலவே ஒரு சீக்காளி. பாரத்தோடு பெரிய வளைவில் ஏறும்போது இருமி இருமி நின்றுவிடும். அவன் அதைக் கீழே பட்டறைக்குக் கொண்டுபோனால், மெக்கானிக் மேடையில் நிறுத்தி முடுக்கிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான ஓடுது, ஒனக்குத்தான் ஓட்டத் தெரியல" என்பானாம். மாதக்கணக்காக இதே கூத்து. ஒருநாள் செல்லசாமிக்கு வந்ததே கோபம்! மெக்கானிக்கின் கையைப் பிடித்து இழுத்து முன் சீட்டில் ஏற்றி, பின்னால் முழுப் பாரத்தையும் போட்டு, மேலே ஓட்டி வந்தான். நான் அப்போது சவுக்கு மரத்தடியில் மூச்சு வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். லொறி என்னைத் தாண்டி வளைவுக்குப் போய், இருமி, நின்றது. "இப்பக் கேளுய்யா, ஏறும்போது பாக்கணும், நிக்கும்போது பாத்தா எல்லா லொறியும் நல்ல லொறிதான்!" என்று செல்லசாமி போட்ட சத்தம் மலையெல்லாம் கேட்டது. மெக்கானிக் அங்கேயே மூடியைத் திறந்து, காதை வைத்துக் கேட்டு, கோளாறு இன்னது என்று கண்டுபிடித்துவிட்டான்.

நான் அந்த மரத்தடியிலேயே சிரித்துவிட்டேன், ஜோசப்பின். மூச்சு இல்லாமல் சிரித்தேன். நானும் அந்த லொறிதானே? பள்ளத்தில் இறங்கி, ஆறி, அலங்கரித்துக்கொண்டு போய் நின்றால் எந்த டாக்டருக்குத்தான் என்ன தெரியும்?

அடுத்த திங்கட்கிழமை குளிக்கவில்லை. வேலைச் சேலை, இடுப்பில் படங்கு, தலையில் கொங்காணித் துணி, கால் முழுக்க மண். முதுகில் கூடை. கூடைக்குள் நம் வீட்டுத் தோட்டத்து லீக்ஸும் உருளைக்கிழங்கும். ஆஸ்பத்திரியில் காரியம் ஆகாவிட்டாலும் சந்தையில் விற்றுவிட்டு வரலாம் அல்லவா? உன் அத்தானுக்கு மானம் போய்விட்டது. "ஆஸ்பத்திரிக்குக் கூடையோட போறவள ஒலகத்துல எங்கயாவது பாத்திருக்கியா?" என்றார். "இப்பப் பாத்துக்குங்க" என்றேன். பஸ்ஸில் எனக்கு நாலு சீட் தள்ளி, யாரோ எவரோ மாதிரி உட்கார்ந்து வந்தார்.

அந்த ஆஸ்பத்திரி மேட்டில் இருக்கிறது. ரோட்டிலிருந்து நீளமாகப் படிக்கட்டு. நான் மெல்ல மெல்ல ஏறிப் போய், வரிசையில் காத்திருந்து, அதே டாக்டர் நோனா முன்னால் நின்றேன். மொழிபெயர்க்கிறதற்கு ஒரு சிற்றூழியர் இருந்தார். நான் பாலம், மரம், சுரூபம், வளைவு எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னேன். அவர் திரும்பி இரண்டே சொல்லில் சிங்களத்தில் முடித்துவிட்டார். எனக்குச் சந்தைச் சிங்களம் தெரியும் என்பது அந்தப் புண்ணியவானுக்குத் தெரியாது. உடம்பு பலவீனம் என்றாராம்!

அவரை ஒரு கையால் தள்ளிவிட்டு நானே பேசினேன். நிற்கும்போது எனக்கு ஒன்றும் இல்லை, மேட்டில் ஏறினால் "ஹுஸ்ம கன்ன பே", மூச்சு எடுக்க முடியவில்லை என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். இப்போது நான் கீழே போய்க் கூடையோடு இந்தப் படியில் ஏறி வருகிறேன், நீங்கள் மேலே நின்று பாருங்கள், வந்ததும் குழாயை வைத்துக் கேளுங்கள் என்றேன். சிற்றூழியர் கத்தினார். வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். உன் அத்தான் கதவுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டார். நோனா என் மண் காலைப் பார்த்தார், கூடையைப் பார்த்தார், பேனாவை வைத்துவிட்டு எழுந்தார். "யமு," போவோம், என்றார்.

அந்தப் படியில் நான் ஏறியதை எப்படி எழுதுவேன்? பாதியில் கண் இருட்டியது. உட்காரச் சொல்லி உடம்பு கெஞ்சியது. உட்கார்ந்தால் மறுபடியும் நல்ல லொறி ஆகிவிடுவேன் என்று பல்லைக் கடித்துக்கொண்டு ஏறினேன். அதுவரை ஒளிந்திருந்த மனிசன் ஓடி வந்து கூடையைப் பிடித்தார். "விடுங்க, பாரம் இருக்கட்டும்" என்றேன். மேலே போனதும் பேச்சு வரவில்லை. உதடெல்லாம் நீலமாகிவிட்டதாம். நோனா என்னைப் பிடித்துப் பக்கத்துக் கட்டிலில் இடது பக்கம் சரித்துப் படுக்க வைத்து, குழாயை வைத்து, கண்ணை மூடிக்கொண்டு, சாமியார் பாவசங்கீர்த்தனம் கேட்கிற மாதிரி நெடுநேரம் கேட்டார். பிறகு பெரிய டாக்டரைக் கூட்டி வந்து அவரையும் கேட்க வைத்தார்.

இதயத்துக்குள் ஒரு கதவு சரியாகத் திறக்கவில்லை என்று சொன்னார்கள். ஆறியிருக்கும்போது அந்தச் சத்தம் ஒளிந்துகொள்ளுமாம், ஏறி இறங்கினால்தான் காட்டிக்கொடுக்குமாம். நோனா என் கையைப் பிடித்துக்கொண்டு, நீ வந்து சொன்னது நல்லது, ஆனால் இனி ஒருநாளும் இப்படி ஏறிக் காட்டாதே, செத்துப்போயிருப்பாய் என்றார். அந்த லீக்ஸ் முழுவதையும் சிற்றூழியருக்கே கொடுத்துவிட்டு வந்தேன். அவர் வீட்டில் அன்றைக்கு நல்ல கறி.

அங்கிருந்து கொழும்புக்கு அனுப்பினார்கள், கொழும்பிலும் ஒரு சண்டை. அங்கே பெரிய டாக்டர்கள் எல்லாவற்றையும் உன் அத்தானை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்கள். அவர் உள்ளே வந்து, "ஒண்ணுமில்ல, சின்ன ஆபரேசன்" என்றார். முகம் சுண்ணாம்பு மாதிரி இருந்தது. நான் தாதியைக் கூப்பிட்டு, "அறுக்கப்போறது என் நெஞ்ச, எங்கிட்ட சொல்லுங்க" என்றேன். சிரித்துவிட்டு, தமிழ் தெரிந்த ஒரு படிக்கிற டாக்டரைக் கூட்டி வந்தார்கள். கேட்டதெல்லாம் கேட்டேன். அறுக்காமல் விட்டால் கொஞ்சக் காலம்தான், பிள்ளை உண்டாவது உயிருக்கு ஆபத்து. அறுத்தால் பெரும்பாலும் பிழைக்கலாம், வேலையும் செய்யலாம். விலாவைத் திறந்து, விரலை உள்ளே விட்டு அந்தக் கதவைத் திறப்பார்களாம். "யாரு வெரலு?" என்று கேட்டேன். பெரிய டாக்டர் சிரித்துக்கொண்டே தன் விரலை நீட்டிக் காட்டினார். நன்றாகப் பார்த்துக்கொண்டேன். நகம் ஒட்ட வெட்டிய சுத்தமான விரல். சரி என்றேன். தாதி பெருவிரலுக்கு மை தடவுகிற பெட்டியை நீட்டினாள். அதைத் தள்ளி வைத்துவிட்டுப் பேனா கேட்டு, தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படித்த எழுத்தில் ம. பெற்றீசியா என்று கையெழுத்துப் போட்டேன். உன் அத்தான் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதார். பாவம், நல்ல மனிசன்.

திரும்பி வந்து, டாக்டர்கள் நடக்கலாம் என்று சொன்ன பிறகு, ஒருநாள் சாயங்காலம் ஃபெக்டரியிலிருந்து தனியாக ஏறினேன். சின்னப் பாலம் வந்தது, போனது. சவுக்கு மரத்தைப் பார்த்து, இனி நீ வேறு ஆள் பார்த்துக்கொள் என்றேன். மாதாவிடம் மட்டும் நின்றேன், மூச்சுக்காக அல்ல, நன்றி சொல்ல. பெரிய வளைவில் மாயாண்டிக் கங்காணி நின்றார். "என்ன பெற்றீசியா, ஒக்காரலியா?" என்றார். "நீங்க வேணும்னா ஒக்காருங்க கங்காணி, வேர்த்து வடியுது" என்று சொல்லிக்கொண்டே தாண்டினேன். லயத்து வாசலில் பெண்கள் எல்லாம் நின்று பார்த்தார்கள். அம்மாக்கண்ணு குலவையிட்டாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மாதாமாதம் ஒரு ஊசி போட வேண்டும், அந்தக் காய்ச்சல் திரும்பி வராமல் இருக்க. ஒருதரம் ஞானரட்ணம் ஐயா, மருந்து வரவில்லை, அடுத்த மாதம் பார்ப்போம் என்றார். நான் சோற்றுப் பார்சலை அவிழ்த்து வாங்கில் வைத்துச் சாப்பிட ஆரம்பித்தேன். "என்னம்மா இது?" என்றார். "மருந்து வர்றவரைக்கும் இருக்கேங்கய்யா" என்றேன். ஃபெக்டரி ஆபிஸுக்குப் போய் டவுனுக்கு டெலிபோன் பேசினார். மறுநாள் ஊசி வந்தது. இப்போது நம் லயத்துப் பெண்கள் ஒருத்தியும் பவுடர் பூசிக்கொண்டு டிஸ்பென்சரிக்குப் போவதில்லை. படங்கும் மண்ணுமாகப் போய் உட்காருகிறார்கள். "ஒங்களால என் வாங்கெல்லாம் சேறு" என்று ஐயா புலம்புகிறார். ஆனால் மூச்சு வாங்குகிறது என்று யார் சொன்னாலும், முன்னைப் போல இமையை மட்டும் பார்ப்பதில்லை. எழுந்து வந்து, எங்கே, எப்போது, என்ன செய்யும்போது என்று கேட்கிறார்.

எந்தக் காய்ச்சல் என்று கேட்கிறாயா? இதுதான் இந்தக் கடிதத்தின் உயிர். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது, ஒரே காம்பராவில், ஒரே சாக்கில், இரண்டு பேரும் காய்ச்சலில் கிடந்தோமே. முழங்கால் வீங்கி, அது வற்றி, கணுக்கால் வீங்கி, அம்மா நொச்சி இலை ஒத்தடம் கொடுத்தாரே. அந்தக் காய்ச்சல்தான் பல வருசம் கழித்து இதயத்துக் கதவை ஒட்ட வைக்குமாம். இரண்டு பேருக்கும் வந்தது, ஜோசப்பின். எனக்கு மட்டும் இல்லை.

உன் கடிதத்தைத் தூக்கிக்கொண்டு டாக்டர் நோனாவிடம் போனேன். வாசித்துச் சொன்னேன். தலையணை விசயம் கேட்டதும் அவர் முகம் மாறியது. பிள்ளைப்பேறு வரைக்கும் காத்திருக்கக் கூடாது, இப்போதே பார்க்க வேண்டும், முழுகாமல் இருக்கும்போதும் இதைச் சரிசெய்ய வழி உண்டு என்றார். அங்கே இருக்கிற டாக்டருக்கு இங்கிலீஷில் ஒரு துண்டு எழுதித் தந்தார், இத்தோடு இருக்கிறது. ஆனால் துண்டு உனக்காகப் பேசாது. நீதான் பேச வேண்டும்.

ஆகையால் கேள். சேலை மாற்றாதே, பவுடர் பூசாதே. என்னைப் போல் படி ஏறிக் காட்டுகிற கூத்து உனக்கு வேண்டவே வேண்டாம், வயிற்றில் பிள்ளை இருக்கிறது. வாயால் சொல். கல்லில் உட்கார்ந்ததைச் சொல், தலையணையைச் சொல், முழங்கால் வீங்கிய காய்ச்சலைச் சொல், உன் அக்காளுக்குக் கதவைத் திறந்ததைச் சொல். இடது பக்கம் சரிந்து படுக்கிறேன், அப்படிக் கேளுங்கள் என்று சொல். முழுகாமல் இருந்தால் இப்படித்தான் என்று அனுப்பப் பார்த்தால் எழுந்திருக்காதே. சிறில் நல்லவன், கூட வரட்டும், பை தூக்கட்டும், பேச வேண்டாம். எப்படி இருக்கிறாய் என்று டாக்டர் கேட்டதும் "சுகங்க" என்று உன் நாக்கு நீளும். அந்த நாக்கைக் கடித்துக்கொள்.

நான் மேலே ஏறி வந்துவிட்டேன் தங்கச்சி. இப்போது நான்தான் மேலே நின்று கை தட்டிக் கூப்பிடுகிறேன். ஏறி வா, கெழவி.

நம் அம்மாவின் ஆசீரும் வேளாங்கண்ணித் தாயின் காவலும் உன்மேலும் வயிற்றில் இருக்கிறதின் மேலும் இருக்கட்டும். பதில் எழுதும்போது நலம் என்று மட்டும் எழுதினாயோ, கடிதத்தைக் கிழித்து அடுப்பில் போடுவேன்.

உன் உயிரை உன்னைவிட நேசிக்கும்
அக்கா
ம. பெற்றீசியா


மேல் டிவிசன்,
லிந்துலை.
12.10.1980

என் தங்கமே ஜோசப்பின்,

உன் பழைய கடிதங்களையெல்லாம் நேற்று மறுபடி எடுத்து அடுக்கி வைத்தேன். பங்குனியில் வந்ததுதான் எனக்குப் பிடித்தது. "அக்கா, நான் நலமாக இல்லை" என்று முதல் வரியிலேயே எழுதியிருந்தாய். அதைப் படித்து நான் கை தட்டிச் சிரித்தேன். தங்கச்சிக்குச் சுகமில்லை என்று கடிதம் வந்ததற்குச் சிரிக்கிறாளே என்று உன் அத்தான் என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

இப்போதும் நினைத்தால் சிரிப்பு வருகிறது. முழுகாமல் இருப்பவளுக்கு மூச்சு வாங்கத்தான் செய்யும் என்று அவர்கள் சொல்ல, நீ வாங்கைப் பிடித்துக்கொண்டு, "எடது பக்கம் சரிஞ்சு படுத்துக் கேக்குறவரைக்கும் எந்திரிக்க மாட்டேன்" என்றாயாமே! சிறில் பையோடு வாயை மூடிக்கொண்டு நின்றானாமே! அந்த இளம் டாக்டர் கேட்டுவிட்டு உன்னைக் கோயம்புத்தூருக்குத் தானே வண்டி பிடித்து அனுப்பினார் என்று சிறில் எழுதியபோது, அந்தப் பிள்ளைக்கு நான் இங்கிருந்தே மெழுகுதிரி ஏற்றினேன். அங்கேயும் யார் விரல் என்று கேட்டாயாமே. என் வாய் உனக்கும் தொற்றிக்கொண்டது.

உன் ஆபரேசன் நாளன்றைக்கு நான் வேலைக்குப் போகவில்லை. மாதா சுரூபத்தடியில் உட்கார்ந்திருந்தேன். மாயாண்டிக் கங்காணி வந்து நின்றார். அன்றைய கூலியில் என் பேரை வெட்டத்தான் வந்தார் என்று நினைத்தேன். தலைப்பாகையைக் கழற்றி, பக்கத்தில் உட்கார்ந்து, "தந்தி வந்துச்சா?" என்று கேட்டார். தந்தி வருகிறவரைக்கும் அவரும் எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு நான் அவரை ஒன்றும் சொல்வதில்லை.

நேற்று வந்த போட்டோவைப் பார்த்தேன். பெண் பிள்ளை! நம் அம்மாவின் மூக்கு. கண் மட்டும் சிறில். வாயைப் பெரிதாகத் திறந்து கத்திக்கொண்டிருக்கும்போது எடுத்திருக்கிறார்கள், அது நம் குடும்பத்து வாய்தான். லயம் முழுக்கப் போட்டோவைக் கொண்டுபோய்க் காட்டினேன். செல்லசாமி லொறியை நிறுத்தி இறங்கி வந்து பார்த்தான். இந்தப் பிள்ளை பிழைத்ததற்கு உன் லொறிதான் காரணம் என்றேன். அவனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் பெருமையாகத் தலையை ஆட்டிவிட்டு ஆரன் அடித்துக்கொண்டே ஏறிப் போனான். இப்போது லொறியும் வளைவில் நிற்பதில்லை.

ஞானஸ்நானத்துக்கு என்னால் கடல் தாண்டி வர முடியாது. ஞானத்தாய் இடத்தில் என் பெயரைச் சொல்லி, எனக்குப் பதிலாக யாராவது பிள்ளையை ஏந்தட்டும். பெயர் வைப்பது உங்கள் பாடு, நான் தலையிடமாட்டேன். ஆனால் பேச்சு வந்ததும் ஒன்றை மட்டும் பழக்கு. நோவு என்றால் நோவு என்று சொல்லட்டும், அந்தப் பிள்ளை. யார் முன்னால் என்றாலும் சொல்லட்டும்.

ஊசியை விட்டுவிடாதே. மாதாமாதம் போய்க் கேட்டு வாங்கு, இல்லை என்றால் சோற்றுப் பார்சலோடு போய் உட்கார். இன்னும் ஒரு சங்கதி. உன் அக்காளுக்கும் இந்த மாதம் தலை சுற்றுகிறது, புளி கேட்கிறது. ஞானரட்ணம் ஐயாவிடம் மண் காலோடே போய், விவரம் எல்லாம் நானே சொன்னேன். அவர் உடனே டாக்டர் நோனாவுக்குத் துண்டு எழுதினார். நோனா குழாயை வைத்துக் கேட்டார். கதவு நன்றாகத் திறந்து மூடுகிறதாம், பிள்ளையைத் தாங்குமாம், கட்டாயம் மாதாமாதம் வந்து காட்ட வேண்டுமாம். உன் அத்தான் மறுபடியும் லயம் முழுக்க இனிப்புக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்.

நீ இப்போது அந்த மேட்டில் உட்காராமல் ஏறுகிறாய் என்று எழுதியிருக்கிறாய். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறும்போது அந்தக் கல்லைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போ. அதுதான் நமக்கு முதலில் உண்மையைச் சொன்னது.

பிள்ளைக்கு என் முத்தம், சிறிலுக்கு என் அன்பு. தேவமாதா உங்கள் மூவருக்கும் துணை இருப்பாளாக.

நாங்கள் இங்கே நலம், ஜோசப்பின். நிஜமாகவே நலம். நீயும் இனி நலம் என்று எழுதலாம். நான் நம்புவேன்.

உன் அக்கா
ம. பெற்றீசியா